கை வலிக்கோணும் கண்ணு

வா கண்ணு, இந்தத் திண்ணையில சித்த உக்காரு. கோயமுத்தூருல மளிகைக்கே மாசம் 12,000 ரூபா ஆகுதுன்னு உன்ற அம்மாகிட்டப் பொலம்புனியாமே. பெரியவங்க ரெண்டு பேரு, குருமானுக ரெண்டு. நாலு வாய்க்கு அத்தனை காசா? சரி, அதுக்கு நீ என்ன பண்ணுனே? செலவு எழுதறதுக்குன்னு போனுல ஒரு ஆப்பு வாங்கிப் போட்டியாம். அதுக்கு மாசாமாசம் 99 ரூபா கட்டறியாம். மாடு மெலிஞ்சா நாங்க தீவனத்த மாத்துவோம். நீ நித்தமும் மாட்டத் தூக்கித் தராசுல நிறுத்துக்கிட்டிருக்கறே!

போன தடவ நான் வந்தப்ப என்னையும் அந்த ஏசிக் கடைக்குக் கூட்டீட்டுப் போனியே, நெனப்பிருக்குதா? எதுக்குப் போனோம்? ஒரு கிலோ சக்கரைக்கு. சக்கரைய எங்க வெச்சிருந்தான்? கடைசிக் கோடியில. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள உன்ற தள்ளுவண்டியில என்னென்னமோ ஏறி உக்காந்துக்கிச்சு. மூணு டப்பா சோளப்பொரி, மூக்கு மேல வெரல வைக்கற மாதிரி ஒரு சாம்பிராணி, பேரு தெரியாத ஒரு பச்சைக் கீரை. திரும்பி வந்து காசு கட்டற எடத்துல பார்த்தா, சரியா குருமானுக கண்ணு மட்டத்துக்கு முட்டாயி. எல்லாம் வாங்குனோம். ஊட்டுக்கு வந்து காப்பி போட்டா உன்ற பொண்டாட்டி கேக்கறா, "சக்கரை எங்க?"

அந்தத் தள்ளுவண்டி இருக்குது பாரு, அதுக்கு ஒரு கதை இருக்குது. 1937ல அமெரிக்காவுல ஒக்லஹோமா சிட்டிங்கற ஊருல சில்வன் கோல்ட்மேன்னு ஒரு கடைக்காரரு. வர்றவங்க கையில கூடைய வெச்சுக்கிட்டுப் பொருள் எடுக்கறாங்க. கூடை கனத்துச்சுன்னா நிறுத்திப் போட்டுக் காசு கட்டப் போயிடறாங்க. மனுசன் யோசிச்சாரு. கூடைக்குக் கீழ சக்கரம் மாட்டுனாரு. மொதல்ல ஒருத்தரும் தொடல. ஆம்பளைங்களுக்கு, கூடை தூக்கக்கூட எங்களுக்குச் சத்தில்லையாங்கற ரோசம். பொம்பளைங்களுக்கு, கொழந்த வண்டி தள்ளித் தள்ளி அலுத்துப் போன சலிப்பு. அவரு விடுவாரா? கூலிக்கு ஆளு புடிச்சு, கடைக்குள்ளாறயே சும்மா தள்ளிக்கிட்டுத் திரிய விட்டாரு. அதைப் பார்த்து ஊரே தள்ள ஆரம்பிச்சிருச்சு. நீயும் நானும் தள்ளுனது அதே வண்டியைத்தான்.

இப்பப் புரியுதா? உன்ற செலவுக்கு ஒரு கடிவாளம் இருந்துச்சு கண்ணு. அதுதான் கை வலி. அதுக்குத்தான் அந்தாளு சக்கரம் மாட்டிப் போட்டாரு.

என்ற அப்பாரு தாராபுரம் சந்தைக்கு ரெண்டு மஞ்சப்பையோட போவாரு. வலது கைக்கு ஒண்ணு, எடது கைக்கு ஒண்ணு. ரெண்டும் ரொம்புனா திரும்பிருவாரு. மூணாவது கை அவருக்கு இல்ல. 2021 டிசம்பர்ல சர்க்காரே "மீண்டும் மஞ்சப்பை"ன்னு தமுக்கடிச்சாங்கல்ல? அவங்க பிளாஸ்டிக்க ஒழிக்கறதுக்குச் சொன்னாங்க. நான் உன்ற பர்சக் காப்பாத்தறதுக்குச் சொல்றேன்.

இப்ப வண்டி தள்ளற வேலையும் போச்சு. பெருவெரல் ஒண்ணு போதும், பத்தே நிமிசத்துல சாமான் வாசல்ல வந்து நிக்குது. அன்னைக்குக் கொத்தமல்லிக் கட்டு ஒண்ணு வேணும்னே. 'இன்னும் 80 ரூபாய்க்கு வாங்குனா கொண்டாந்து குடுக்கற கூலி இல்ல'ன்னு போனு சொல்லுச்சு. கூலி 30 ரூபா. அந்த முப்பத மிச்சம் புடிக்க 80 ரூபாய்க்கு ஐஸ்கிரீம் வாங்குனே. கீழ இருக்கற அண்ணாச்சி கடையில காய் வாங்குனா கொத்தமல்லி சும்மாவே கெடைக்கும். படியிறங்க உனக்குக் காலு இல்லையா? "லிஃப்ட் வேலை செய்யல தாத்தா"ங்கறே. அட சாமி!

பொட்டலத்துல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுப் பார்க்கோணும். ஒரு கிராமுக்கு என்ன விலை, ஒரு கிலோவுக்கு என்ன விலைன்னு ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருப்பான். போட்டுத்தான் ஆகோணும்னு சட்டம். ஆனா நீ பாக்கறது நடுவுல செவப்புல கெடக்கற 'ஆஃபரு'. பெரிய பொட்டலம்னா மலிவாத்தான் இருக்கும்னு யாரு சொன்னா? சில நேரத்துல சின்னதுதான் கணக்குக்கு வரும். அஞ்சு ரூபா பிஸ்கட்டு எந்நாளும் அஞ்சு ரூபாதான். உள்ளாற பிஸ்கட்டுதான் காச்சல்ல கெடந்தவனாட்டம் எளைச்சுக்கிட்டே வருது.

அரிசி வியாபாரிககிட்டப் படிக்கோணும் நீ. 2022 ஜூலை 18லிருந்து, பேரு ஒட்டிக் கட்டுன அரிசி மூட்டை 25 கிலோ வரைக்கும் இருந்தா நூத்துக்கு அஞ்சு வரின்னாங்க. அவனுக என்ன பண்ணுனானுக தெரியுமா? 26 கிலோ மூட்டை கட்டிப்போட்டானுக! ஒரே ஒரு கிலோ, வரி அக்கட்டால போயிருச்சு. பருப்பையும் சில்லறையா நிறுத்து வாங்குனா அந்த வரி கெடையாது. நீயோ அதே பருப்பக் கண்ணாடிக் காயிதத்துல கட்டி, 'பண்ணையிலிருந்து நேராக'ன்னு எழுதுனாத்தான் வாங்கறே. எந்தப் பருப்பு கண்ணு ஆபீசுல வெளையுது?

ராகி மாவுப் பொட்டலம் ஒண்ணு வெச்சிருந்தியே, கால் கிலோ. அதுமேல உருமால் கட்டுன ஒரு கெழவன் படம், அச்சு அசலா என்னையாட்டமே. மாவுக்குப் பாதி, அவன் மீசைக்குப் பாதின்னு காசு குடுத்திருக்கறே. ராகிய வாங்கிக் கழுவிக் காயப்போட்டு மில்லுல குடுத்தா ஆகாதா? ஓஹோ, மொட்டமாடியில யோகா நடக்குதாக்கும்.

ரேசன் கார்டு என்ன சாதியின்னு கேட்டேன். அரிசிக் கார்டுன்னே. தொவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, அரிசி 2011லிருந்து காசே இல்ல. "வரிசையில நிக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது"ங்கறே. புதுப் போனு வாங்கறதுக்கு விடிய விடிய வரிசையில நின்னியே, அப்ப எந்த மாதிரி இருந்துச்சு?

அதுக்காக மலிவு எல்லாம் லாபம்னு நெனச்சுக்காதே. நானே ஏமாந்தவன்தான். ஒரு தடவ சந்தையில சின்ன வெங்காயம் வெலை விழுந்து கெடந்துச்சு, ஒரு மூட்டை 50 கிலோ, அடிமாட்டு வெலைக்கு வாங்கிப் போட்டேன். நெலத்துல பரத்தாம மூட்டையோட வெச்சுட்டேன். நாலு நாள் தூறல் போட்டுச்சு. பாதி அழுகி, ஊட்டுக்குள்ள செத்த எலி கெடக்கறாப்புல வாசம். உன்ற அப்பத்தா ஒண்ணும் சொல்லல. இருபது வருசமா, நான் எது பேசுனாலும் "வெங்காயம்"னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லறா. உன்ற பிரிட்ஜுல கீழ் டப்பாவத் தொறந்து பார்த்தேன் கண்ணு. என்ற வெங்காய மூட்டை தேவலாம். கொழகொழன்னு ஒண்ணு கெடந்துச்சு, அது கத்திரிக்காயா வெள்ளரிக்காயான்னு அது பெத்தவளுக்கே தெரியாது.

வாங்கி வைக்கறதுன்னா காலம் பார்த்து வைக்கோணும். மாசி, பங்குனியில புதுப் புளி வரும். கொட்டை எடுத்து, காய வெச்சு, உப்புப் போட்டுப் பானையில அமுக்குனா வருசத்துக்கும் ஆச்சு. மொளகாயும் வெயில் காலத்துலதான் வாங்கோணும். காய்கறிய அப்படி வாங்காதே, அது ரெண்டு நாள் விருந்தாளி.

காய்க்கு உழவர் சந்தை இருக்குதல்ல? 1999ல மதுரை அண்ணா நகர்ல மொதல்ல தொறந்தாங்க. இப்ப உங்க ஊருலயே சிங்காநல்லூருல ஒண்ணு, ஆர்.எஸ்.புரத்துல ஒண்ணு. காலையில பலகையில விலை எழுதிப்போடுவாங்க, பேரம் பேசித் தொண்ட வலிக்க வேண்டாம். விக்கறவனும் வெளைய வெச்சவனே.

அடுத்த வாரம் நான் வர்றேன். விடியால ஆறு மணிக்குச் சிங்காநல்லூரு போலாம். போன ஊட்டுலயே வெச்சுரு, வண்டியையும் தூரமா நிறுத்து. மஞ்சப்பை ரெண்டும் நான் கொண்டாறேன். சுமக்கறது மட்டும் நீயி. எனக்கு 78 ஆச்சு கண்ணு, நானா தூக்குவேன்?