கிராமத்து டாக்டர் தயாரிப்பு: ஓர் எளிய கையேடு

சேலம், நாமக்கல் சமவெளிக்கு ஏற்ற குடும்ப மருத்துவரைத் தயாரிக்க நினைப்பவர்கள் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது தாமதம். அதற்குள் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகி, நாலு பேரோடு பழகிக் கெட்டுப்போயிருக்கும். பதினைந்திலேயே பிடித்துவிட வேண்டும். அதற்கான வசதிக்கு இந்தப் பக்கம் குறைவே இல்லை. ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடே பிள்ளைகளை அனுப்பிய காலம் உண்டு. கோழிப்பண்ணை ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தவர் யாரோ பொறாமைக்காரர். ஆனால் தொழில்நுட்பத்தைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார். நேரத்துக்குத் தீனி, ராத்திரியிலும் விளக்கு, வாராவாரம் எடைபோட்டுத் தரம் பிரிப்பு. முன்பு கட் ஆஃப், 2017-லிருந்து நீட். பெயர்தான் மாறியது. அம்மாயி செத்துப்போனால்கூட ரிவிஷன் டெஸ்ட் முடிந்த பிறகு பிள்ளைக்குச் சொன்னால் போதும். பிற்காலத்தில் அடுத்தவர் வீட்டுச் சாவைத் தாங்க நல்ல பயிற்சி.

சீட் கிடைத்ததும் கல்லூரி. சேலத்தில் 1986-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லுக்கு 2022 ஜனவரியில் வந்தது. எந்த ஊர்க் கல்லூரியானாலும் முறை பொதுவானதுதான். முதலாண்டில் மாணவர் சந்திக்கும் மனித உடல் பேசாது. நோயாளி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கேயே படிந்துவிடும்.

இடையில் சில இடைஞ்சல்கள் உண்டு. 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம், மனப்பாங்கு, நெறி, தொடர்பாற்றல் மூன்றையும் சேர்த்து 'ஏட்காம்' என்று ஒரு பாடத்தைப் புகுத்திவிட்டது. பதற வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய வகுப்பறையில் எல்லோரையும் உட்காரவைத்து ஸ்லைடு போடுங்கள். தேர்வில் 'பரிவு என்றால் என்ன?' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வையுங்கள். விடை எழுதி மதிப்பெண் வாங்கியவனுக்கு அதைச் செய்துபார்க்க வேண்டிய அவசியம் இருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம். ஒவ்வொரு மாணவரும் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு, படிக்கும் காலத்தில் தொடர்ந்து அந்த வீடுகளுக்குப் போய்வர வேண்டுமாம். ஒழுங்காக நடந்தால் உண்மையிலேயே குடும்ப மருத்துவர் உருவாகிவிடக்கூடும். தடுக்க ஒரே வழி, எல்லோரையும் வெள்ளைக் கோட்டோடு பஸ்ஸில் ஏற்றி, பகல் பதினோரு மணிக்கு ஊர் நடுவில் இறக்குவது. அந்நேரத்துக்கு ஆண்கள் தறிப்பட்டறையில் இருப்பார்கள், பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். திண்ணையில் பாட்டி மட்டும் இருப்பார். அவரிடம் படிவத்தை நிரப்பிக்கொள்ளலாம்: கழிப்பறை உண்டா, குடிநீர் எங்கிருந்து, குடும்பத்தில் எத்தனை பேர். பாட்டி "ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போ கண்ணு" என்றால் கண்டிப்பாக மறுத்துவிட வேண்டும். மோர் குடித்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் போன தையில் மருமகள் மருந்தைக் குடித்தது வரும். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

(மருத்துவர் என்பவர் சமூக மருத்துவராகவும் இருக்க வேண்டும் என்று ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-லேயே சொல்லிவிட்டது. சுதந்திரத்துக்கு முந்தைய அறிக்கை. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு என்று ஒதுக்கிவிடலாம்.)

இவ்வளவு செய்தும் மாணவரிடம் கொஞ்சம் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூன்றாமாண்டு அதைப் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜாத் என்பவரும் உடன் பணிபுரிந்தவர்களும் மாணவர்களின் பரிவை ஆண்டுதோறும் அளந்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிய மாற்றமில்லை. மூன்றாமாண்டில் சரிகிறது. அங்கே மூன்றாமாண்டு என்பது மாணவர் வார்டுக்குப் போய் நிஜ நோயாளிகளோடு நாளைக் கழிக்கத் தொடங்கும் ஆண்டு. பரிவு தேவைப்படும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது அது தீர்ந்துபோகிறது.

நம் வார்டுகளில் இதை இன்னும் சிக்கனமாகச் செய்யலாம். நோயாளிக்குப் பெயர் வேண்டாம். "பதினாலாம் பெட் லிவர்" போதும். ரவுண்ட்ஸில் அவர் காதுபடவே இங்கிலீஷில் அவரைப் பற்றி விவாதியுங்கள். ஹவுஸ் சர்ஜனைத் தூங்கவிடாதீர்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல் என்று டியூட்டி போட்டு, நோயாளியின் உறவினர் முன்னாலேயே திட்டுங்கள். வாங்கியதை அவர் தனக்குக் கீழே இருப்பவரிடம் இறக்குவார். அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் நோயாளி. இந்த ஒரு இடத்தில் கையேட்டை எழுதுபவருக்கும் கேலி வரவில்லை. தன்னை மனிதராக யாரும் நடத்திப் பார்த்திராத இருபத்து மூன்று வயதுப் பிள்ளையிடம், மற்றவரை மனிதராக நடத்தவில்லையே என்று கோபித்துக்கொள்வது சுலபம். நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இனி களப்பணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை ஓ.பி. முதல் வேலை, நோயாளிக்கான ஸ்டூலின் மேல் பழைய ரிஜிஸ்டர்களை அடுக்குவது. ஸ்டூல் காலியாக இருந்தால் உட்காருவார்கள். உட்கார்ந்தால் பேசுவார்கள். பேச ஆரம்பித்த நோயாளியை டாக்டர்கள் சராசரியாக 18 விநாடியில் இடைமறித்தார்கள் என்று 1984-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. நமக்கு அது ஆடம்பரம். 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2017-ல் வந்த ஆய்வில், ஒரு நோயாளிக்கு ஸ்வீடன் டாக்டர் 22.5 நிமிடம் கொடுக்கிறார். இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. முன்னேற இன்னும் இடமிருக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது.

அந்த இரண்டு நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது? குமாரபாளையம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"டாக்டருங்க, ஒரு மாசமா காலு மதமதன்னே இருக்குதுங்க."

"சுகர் மாத்திரை சாப்புடறீங்களா?"

"சாப்பிட்டுட்டுத்தானுங்க இருந்தேன். ஆனா நைட் ஷிப்ட்டு போட்டதுல இருந்து..."

"ஒழுங்காச் சாப்பிடணும். அரிசியைக் குறைங்க. காலையில ஒரு மணி நேரம் நடங்க. இன்னொரு மாத்திரை எழுதியிருக்கேன். அடுத்தது யாரு?"

குறையொன்றும் சொல்ல முடியாத வேலை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் பாருங்கள். ராத்திரி எட்டுக்குத் தறிக்குப் போகிறவர் அவர். விடிய இரண்டு மணிக்கு ஒரு சாப்பாடு. காலையில் வீட்டுக்கு வந்து, 'காலை சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே படுத்துவிடுகிறார். பதினோரு மணிக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்து நடுங்கி எழுகிறார். நாலு தடவை இப்படி ஆனதும் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். இது தெரிந்திருந்தால் மாத்திரையின் நேரத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்திருக்கும். இப்போது கையில் இரண்டு மாத்திரை. இரண்டையும் அவர் போடப்போவதில்லை. நடக்கச் சொன்ன ஆலோசனை மிகச் சிறப்பு. ராத்திரி முழுக்க நாலு தறிக்கு நடுவே நடந்துவிட்டு வந்தவர் அவர். அரிசியைக் குறைத்துவிட்டு என்ன சாப்பிடுவது என்றும் சொல்லிவிடாதீர்கள். ரேஷனில் கிடைப்பது அரிசி.

லாரி டிரைவருக்கும் இதே முறைதான். அவர் கவுகாத்திக்கு லோடு ஏற்றிப் போகிறவரா, மாத்திரை போட்டால் ஓட்டும்போது கிறுகிறுப்பு வருமா, வழியில் எங்கே தங்குகிறார் என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம். எச்.ஐ.வி. பரவிய ஆண்டுகளில் நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்று. நிமிர்ந்து பார்க்காத டாக்டரிடம் யாரும் அந்தக் கதையைச் சொல்வதில்லை. அதனால் ஓ.பி. சீக்கிரம் முடியும்.

விலாவில் நீளமான தையல் தழும்பு தென்பட்டாலும் கேட்காதீர்கள். பள்ளிபாளையம் பகுதித் தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகம் விற்ற சேதி 2025-ல் வெளியே வந்து, அரசு விசாரணைக் குழு போட்டது. ஊரில் எத்தனை பேருக்கு முன்பே தெரிந்திருக்கும்! குழுக் கடன் தவணை எவ்வளவு என்று கேட்கும் பழக்கமுள்ள ஒரு டாக்டர் அக்கம்பக்கத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பது இந்தக் கையேட்டின் நோக்கத்துக்கு விரோதம்.

எதிர்ப் பிரச்சாரத்துக்கும் தயாராக இருங்கள். அதே ஹோஜாத் 2011-ல் 29 குடும்ப மருத்துவர்களையும் அவர்களிடம் பார்த்த 891 சர்க்கரை நோயாளிகளையும் எடுத்து ஒப்பிட்டார். பரிவு அதிகமுள்ள டாக்டர்களின் நோயாளிகளில் 56 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. பரிவு குறைந்தவர்களிடம் 40 சதவீதம். யாராவது இதைக் காட்டினால், "அதெல்லாம் அமெரிக்காவுல" என்று சொல்லிவிடலாம். 18 விநாடிக் கணக்கும் அமெரிக்காவுடையதுதான் என்று அவர் திருப்பிக் கேட்பதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்னொரு தொல்லை. வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் அந்தப் பெண்ணுக்கு எந்த வீட்டில் மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்பது அத்துபடி. அவரை டாக்டரின் அறைக்குள் உட்காரவைத்துப் பேசவிடாதீர்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும்.

பயிற்சி மருத்துவர்களை அரூர் பக்கம் சிட்டிலிங்கிக்கு மட்டும் சுற்றுலா கூட்டிப்போகக் கூடாது. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே பழங்குடி மக்கள் நடுவில் போய் உட்கார்ந்தார்கள். குடிசையில்தான் ஆஸ்பத்திரி. அங்கத்துப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். குழந்தைச் சாவு குறைந்தது. அதோடு நின்றார்களா? ஊரார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, வியாதியின் வேர் வயலிலும் வருமானத்திலும் இருப்பது தெரிந்துபோய், இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் துணிப் பூவேலை என்று இறங்கிவிட்டார்கள். காதைத் திறந்து வைத்த டாக்டருக்கு வேலை இப்படித்தான் பெருகும். கோவையில் இருபது ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பாலசுப்பிரமணியம் 2016-ல் இறந்தபோது சித்தாபுதூர்ப் பக்கம் திரண்ட கூட்டத்தைப் படமாகக்கூடக் காட்டாதீர்கள்.

மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். அரசு டாக்டர்களுக்குப் பட்டமேற்படிப்பில் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. கிராமத்துக்கு டாக்டர்கள் வருவதற்கு அது பெரிய காரணம். கை வைக்கக் கூடாத ஏற்பாடு. ஆனால் அப்படி வந்த டாக்டரின் மனது எப்போதும் நீட் பி.ஜி. புத்தகத்தில் இருக்கும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?" என்ற கேள்வி ஒன்றே அதற்குப் போதும். கல்யாணத் தரகர் கேட்பார், மாமனார் கேட்பார், மருந்துக்கடைக்காரர்கூடக் கேட்பார். குடும்ப மருத்துவத்திலேயே எம்.டி. உண்டு, கோழிக்கோடு அரசுக் கல்லூரி அதை நடத்துகிறது, வேலூர் சி.எம்.சி. வேலையை விடாமல் படிக்கும்படி பட்டயம் நடத்தி வந்திருக்கிறது என்று சொல்லிப்பாருங்கள். "அது என்னங்க, ஜுரத்துக்குப் பார்க்கறதுக்கு ஒரு எம்.டி.யா?" என்பார்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் ரேடியாலஜிக்குப் போய்விடும். இருட்டறையில் படத்தோடு வேலை; படம் எதிர்த்துப் பேசாது.

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் முதல் அணி ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்து 2027 வாக்கில் வெளியே வரும். அதில் ஒருவர் உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கே வரலாம். வந்தால், எம்.டி. எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டூல் மேல் இருக்கும் ரிஜிஸ்டரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.