தவழும் வயதில் ஒரு கோடரி

1988. தாம்பரம் முடிச்சூர் சாலையில் ஒரு சின்ன அச்சகம். அங்கே அச்சாகிவந்த நாலு பக்க உள்ளூர் மாத இதழுக்குப் பல்லாவரத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். பல்லாவரத்துக்காரர்களே அதிகம் அறியாத சங்கதி: ராணுவ அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் ஒரு சரளைக் குழியில், 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் அளவைத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். நம் நாட்டுக் கற்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

கட்டுரையின் அடியில் மூன்று குறிப்புகள் வைத்தேன். முதலாவது, 1866-ல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் ஃபூட் எழுதிய கட்டுரை. அடுத்தது, ‘மேலது’. அதற்கடுத்ததும் ‘மேலது’. அப்படி எழுதும்போது வருகிற கம்பீரத்துக்காகவே இன்னும் இரண்டு போட்டிருப்பேன். ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இந்த இடத்துல ஒரு அல்வாக் கடை விளம்பரம் வைக்கலாம் சார். அம்பது ரூபா வரும்.”

அல்வா ஜெயித்தது.

அதைவிடப் பெரிய சேதம் இதழ் கைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. கையால் கோத்த ஈய எழுத்து. எல்லாம் இடவலம் மாறித் தெரியும். அதில் 6-ம் 3-ம் இடம் மாறி உட்கார்ந்து, வருஷம் 1836 ஆகிவிட்டது. ப்ரூஃப் பார்த்த புண்ணியவான் நான்தான். ஃபூட் பிறந்ததே 1834 செப்டம்பரில். இரண்டு வயது நிரம்பாத குழந்தை இங்கிலாந்திலிருந்து தவழ்ந்து வந்து பல்லாவரத்தில் கோடரி எடுத்திருக்கிறது! அடுத்த இதழில் திருத்தம் போடச் சொன்னேன். அந்த இடத்துக்கும் விளம்பரம் வந்திருந்தது.

இப்போது பல்லாவரமே தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. போன வருஷம் ஓர் இணைய இதழிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். “ஒவ்வொரு தகவலுக்கும் சோர்ஸ் வேணும் சார். லிங்க், பார்த்த நாள், எல்லாம்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் யாரும் கேட்காத கேள்வி. அதே கோடரியை மறுபடி எழுதி அனுப்பினேன். மறுநாளே போன்.

“வருஷம் தப்பா இருக்கு சார். 1836 தானே?”

பன்னிரண்டு லிங்க் அனுப்பியிருந்தாள். ஒன்றைத் தட்டினால் அதன் ஆதாரம் இன்னொன்று. அந்த இன்னொன்றின் அடியில் ‘நன்றி: கூகுள்’. வேறொன்றில் ‘படித்ததில் பிடித்தது’. படித்தது எங்கே என்று மட்டும் இல்லை. இரண்டு பக்கங்கள் செத்தே போயிருந்தன, ‘பார்த்த நாள்’ மட்டும் கல்லறைத் தேதி மாதிரி நின்றது. விடாமல் தோண்டிக்கொண்டே போனேன். கடைசியில், மஞ்சளேறிய தாள் ஒன்றைச் செல்போனில் எடுத்த படம். அடியில் அல்வாக் கடை விளம்பரம்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த 1866 இதழை 1988-ல் நான் கண்ணால் கண்டதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம்; போய்த் தேடியாவது பார்த்திருக்கலாம். போகவில்லை. யாரோ ஒரு பேராசிரியர் புத்தகத்தின் அடிக்குறிப்பை அப்படியே இறக்கினேன். ‘எடுத்தாண்டவர் இன்னார்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கவேண்டும். சேர்த்திருந்தால் ‘மேலது’வுக்கு மவுசு ஏது?

பழைய பாவத்துக்குப் பரிகாரமாக, ஃபூட் தன் சேகரிப்பைப் பற்றி எழுதி 1916-ல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்த நூலை இணையத்தில் தேடிப் பிடித்தேன். இந்தமுறை நானே படித்து, பக்க எண்ணோடு அனுப்பினேன்.

“பன்னெண்டு சைட்ல 1836 இருக்கு சார். உங்க பக்கம் ஒண்ணே ஒண்ணு. அதுவும் பழைய புக்கு.”

“எழுதினது கோடரிய எடுத்தவரேம்மா.”

“எடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்.”

கட்டுரை வெளிவந்தது. ‘1836-ல் கண்டெடுக்கப்பட்டது, 1863 என்பாரும் உளர்.’ அந்த என்பாரில் ஃபூட்டும் ஒருவர். கீழே ஆதாரங்கள் வரிசையாக நின்றன. முதல் லிங்க்கைத் தட்டினேன். அல்வாக் கடை வந்தது.