உப்பு எவ்வளவு?

ஏலே தம்பி, நியூஜெர்சியில இப்பம் மணி என்ன? ராத்திரி ஒன்றரையா? இங்க பகல் பதினொண்ணு. டாக்டர் ரவுண்ட்ஸ் வார நேரம். ஒனக்குத் தூக்கம் வரலை, சரி. பெத்தவ ஐசியூல கெடந்தா எவனுக்குத்தான் வரும்? அதுக்காக ஒங்க அக்கா பாத்ரூம்கூடப் போகக்கூடாதாலே?

நேத்து திருநெல்வேலிக்குப் போயி ஆஸ்பத்திரியைப் பாத்துட்டுத்தான் வாரேன். ஐசியூ வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுல ஒங்க அக்கா. மடியில ஒயர் கூடை. நர்சம்மா ஒரு சீட்டை நீட்டுனா. மருந்துக்கடை ரெண்டு மாடி கீழ. பாதிப் படியில போன் அடிச்சுது. நீதான். "சோடியம் எவ்வளவு?" மருந்தை வாங்கிட்டு ஏறுதா, திரும்ப அடிக்கி. டொரண்டோ அத்தை மவ. அவளுக்கும் சோடியம்தான் வேணுமாம். என்னலே, ஆஸ்பத்திரியா, பருத்தி மார்க்கெட்டா?

ஒங்க வாட்ஸப் குரூப்புல 23 பேரு. ஒருத்தி பல் டாக்டர். ஒம்போது பேரு கம்ப்யூட்டர்காரனுவ. மிச்சம் பூராவும் கையெடுத்துக் கும்பிடுத பொம்மை போடுத சோலிக்காரவிய. ராத்திரி வாசல்ல படுக்க ஒரு ஆள் வேணும்னு அக்கா கேட்டாளே, அப்பம் எங்கல போனாவ எல்லாரும்?

நீ இன்னொரு கூத்தும் பண்ணியிருக்க. லேப் ரிப்போர்ட்டை ஏஐ மிசின்ட்ட குடுத்து, டாக்டர்ட்ட கேக்கதுக்கு ஆறு கேள்வி, இங்கிலீசுல. ஒங்க அக்கா பயந்துக்கிட்டே டாக்டர்ட்ட போனை நீட்டியிருக்கா. டாக்டர் வாசிச்சுட்டுக் கேட்டாராம், "யாரும்மா இது, எனக்குப் பரீட்சை வைக்காரு?" ரவுண்ட்ஸ்ல அவரு நின்ன ரெண்டு நிமிசமும் அதுலயே போச்சு.

சோடியம்னா உப்புதாம்லே. 135லருந்து 145 வரைக்கும் இருக்கணும். அம்மைக்கு 122க்கு எறங்கிட்டு. பிரஷர் மாத்திரையில மூத்திரம் போகவைக்க மருந்து இருந்தா வயசானவியளுக்கு இப்படி எறங்குமாம். எறங்குனா பேச்சு தடம் மாறும். செத்துப்போன ஒங்க அப்பாவக் கூப்பிட்டு, காப்பி குடிக்கச் சொன்னாளே, அது இதுதான். நீயோ, "ஒரு நாள்ல அஞ்சுதான் ஏறியிருக்கு, ஏன் இவ்வளவு ஸ்லோ?"ன்னு கேக்க. வெரசா ஏத்துனா மூளை கெட்டுப்போகும், கூறுகெட்டவனே. ஒரு நாளைக்கு 8, மிஞ்சிப்போனா 10. அதுக்கு மேல ஏத்தமாட்டாவ. பைய ஏறுனாத்தான் நல்லது.

இதையும் கேளு. "என்ன மாசம்?"னு டாக்டர் கேட்டிருக்காரு. அம்மை முழிச்சிருக்கா. "குழப்பம் தீரலை"ன்னு சீட்டுல எழுதியாச்சு. நீயும் குரூப்புல ஏத்தி, 23 பேரும் அழுதாச்சு. அவ காது மிசின் எங்கல? ஊர்ல, டிவி மேல! கண்ணாடியும் அங்ஙனதான். 23 பேர்ல ஒரு பயலாவது அதைக் கேட்டானா? நாந்தான் துண்டுல முடிஞ்சு கொண்டுபோனேன். நர்சம்மா மாட்டிவிட்டா. என்னைப் பாத்ததும் அம்மை சொல்லுதா, "ஏண்ணே, சட்டையை மாத்திப் பொத்தான் போட்டிருக்கிய?" குனிஞ்சு பாத்தா, ஆமா! இதுக்கு மேல எந்த ரிப்போர்ட்லே வேணும்?

எங்க அப்பாருக்கு முடியலைன்னு 1979ல பம்பாய்க்கு எனக்குத் தந்தி வந்துச்சு. "அப்பா சீரியஸ், கிளம்பி வா." அவ்வளவுதான். வார்த்தைக்குத் துட்டு, யாரு வளவளன்னு எழுதுவா? ரெண்டு ராத்திரி ரயில்ல தூக்கமில்லாம வந்து எறங்குதேன், மனுசன் திண்ணையில உக்காந்து கஞ்சி குடிக்காரு. அந்தக் காலம் ஒசத்தின்னு சொல்லவரலை. அந்த ரெண்டு ராத்திரி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 2013ல தந்தியையும் மூடிட்டானுவ. கையில போன் இருக்கு, பேசு. யாரு வேண்டாம்னா?

ஆனா சாயங்காலம் பார்வை நேரம் முடிஞ்சபொறவு ஒரு தடவை பேசு. சாப்பிட்டாளா, மூத்திரம் போனாளா, ஆளு தெரியுதா, டாக்டர் நாளைக்கு என்ன பண்ணப் போறாரு, இதைக் கேளு. கேட்டதை மத்த 22 பேருக்கும் நீயே எழுது, அக்காவ இழுக்காத. காலையில பார்வை நேரத்துல ஸ்பீக்கரைப் போட்டு அம்மை காதுகிட்ட வைக்கச் சொல்லி, "எம்மா, நாந்தாம்மா"ன்னு ஒரு வார்த்தை பேசு. ராத்திரி படுக்க நம்ம தெருப் பையன் ஒருத்தனைப் பேசிட்டேன், அவனுக்குத் துட்டு அனுப்பிரு.

இப்பம் போனை வையி. அக்கா காலையில வாங்குன இட்லிப் பொட்டலம் இன்னும் பிரிக்காம கூடையிலதான் கெடக்கு.