கொல்லைக் கதவுக்கு ஒரு காவக்காரன்

ஏலே பேராண்டி, லீவு முடிஞ்சு கிளம்பயில மோட்டார் ரூம்ல சீட்டுக்கட்டு அளவுல ஒரு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர் பெட்டிய வச்சுட்டு, "தாத்தா, இனிமே சென்னையில இருந்தே இதுக்குள்ள நுழைஞ்சிருவேன்"ன. மூணாம் நாளே போன்: "தாத்தா, அத ஒருக்கா அணைச்சுப் போடுங்க." போட்டேன். இருந்த உசுரும் போச்சு!

முப்பது வருசம் டெலிபோன் கம்பம் ஏறினவன் சொல்றேன், கேளு. செத்த லைன் கீழ விழாது; கம்பத்துல தொங்கிக்கிட்டேதான் இருக்கும்.

நம்ம இன்டர்நெட் டாங்கிளுக்குத் தனி விலாசம் கிடையாது. கம்பெனிக்காரன் ஒரே விலாசத்த ஊருக்கே பங்கு வச்சிருக்கான். அதனால பெட்டியே உன் வாடகை சர்வரக் கூப்பிட்டு எஸ்எஸ்எச்சுல தலைகீழ்ச் சுரங்கம் வெட்டுது. அங்க 2222ஐத் தட்டினா இங்க 22 திறக்குது. கெட்டிக்காரன்தான். ஆனா கட்டளைக்கு முன்னால ஒரு நோஹப், பின்னால ஒரு ஆம்பர்சேண்ட், அத்தோட பஸ் ஏறிட்ட. டெர்மினல மூடினா நோஹப் காப்பாத்தும். கரண்டு போய் வந்தா எழுப்ப யாரு, உங்க பாட்டியா?

எழுப்புற காவக்காரன் சிஸ்டம்டி. அதுல ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதுல. எனேபிள் பண்ணு, அப்பத்தான் பூட் ஆகயிலயே எந்திரிக்கும். ரீஸ்டார்ட்டுக்கு ஆல்வேஸ், ரீஸ்டார்ட்செக்குக்கு 10. சும்மா விட்டா 100 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா எழுப்பிப் பாக்கும். 10 செகண்டுல அஞ்சு தடவ விழுந்தா கைகழுவிரும். உங்கப்பன ஸ்கூலுக்கு எழுப்பினப்ப நானும் அப்படித்தான்.

எஸ்எஸ்எச்சுக்கு சர்வர்அலைவ்இன்டர்வல் 30, கவுன்ட்மேக்ஸ் 3. முப்பது செகண்டுக்கு ஒருக்கா "இருக்கியா"ன்னு கேக்கும். மூணு தடவையும் பதில் இல்லேன்னா லைன அறுத்துரும். அறுத்தாத்தான் சிஸ்டம்டிக்குச் சாவு தெரியும். எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியருக்கு எஸ் போடு. கரண்டு போனப்ப அந்துபோன பழைய லைன் சர்வர்ல 2222ஐ இன்னும் புடிச்சிருக்கும். எஸ் போடலேன்னா, புதுசு வெறுங்கையோட உள்ள நின்னுக்கிட்டு, எல்லாம் சரின்னு நடிக்கும்.

ரூட் பேர்ல ஓட்டாத. ஷெல் இல்லாத தனி யூசர், பாஸ்வேர்டுக்குப் பதிலா தனிச் சாவி. 1995ல ஃபின்லாந்துல டாட்டு இலோனன் எஸ்எஸ்எச்ச எழுதினதே, அவரு யுனிவர்சிட்டி நெட்வொர்க்குல எவனோ பாஸ்வேர்ட ஒட்டுக்கேட்டதாலதான். லைன் ஒட்டுக்கேக்கிறவன நானும் பாத்திருக்கேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா? உன் தங்கச்சி படிச்சுக்காட்டினா.

பாட்டிக்கும் அலைவ்இன்டர்வல் உண்டுல. வாரத்துக்கு ஒருக்கா "இருக்கீங்களா"ன்னு கேளு. மூணு வாரம் தவறினா, லைன அறுத்துருவா. அவளுக்கு ரீஸ்டார்ட் கிடையாது.