நவி மும்பை கொண்டான்

கேள்வி: சென்னை சூப்பர் கிங்ஸுக்குப் பரம எதிரி மும்பைதானே? – வாசகி ஒருவர், மாமல்லபுரம்

பதில்: சந்தேகமென்ன! 2010 முதல் 2019 வரை சென்னை ஆடியது எட்டே சீசன். (தடைபட்ட இரண்டு வருடக் கதையை இங்கே கிளற வேண்டாம்.) அதில் ஏழு இறுதிப்போட்டி, மூன்று கோப்பை. இறுதியில் மும்பையை நான்கு முறை சந்தித்தோம். 2013, 2015, 2019 மூன்றிலும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதிலும் 2019இல் ஒரே ஒரு ரன்! கடைசிப் பந்தில் மலிங்கா ஷர்துலை எல்பிடபிள்யூ ஆக்கியதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது. 2010இல் மட்டும் நாம் ஜெயித்தோம், அதுவும் நவி மும்பைக்கே போய். புலிகேசியின் ஊருக்கே படையெடுத்த உங்களூர் மாமல்லனுக்கு ‘வாதாபி கொண்டான்’ பட்டம் கிடைத்தது. தோனிக்கு ‘நவி மும்பை கொண்டான்’ என்று கொடுக்க ஒரு புலவருக்கும் தோன்றவில்லையே!