நாய் வளர்த்த குடும்பம்

முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பெரிய காவல் நாய்களை வளர்த்து, நல்ல கடுவனையும் நல்ல பெட்டையையும் தேடிப்பிடித்து இணை சேர்த்து, ஈத்துக்கு ஈத்து குட்டி எடுத்துவரும் குடும்பங்கள் நம் தென் மாவட்டங்களில் நிறைய உண்டு. ராஜபாளையத்தில் வெள்ளை நாய், கோம்பையில் செவலை நாய், சிப்பிப்பாறையில் அம்பு போன்ற வேட்டை நாய் என்று ஊர்ப்பெயரே இனப்பெயராகிவிட்ட பூமி அது. இந்தக் குடும்பங்களைக் காட்டி, 'மூணு தலைமுறையா நாய் இனத்தை விருத்தி பண்றவங்க' என்று ஊர் பெருமையாகச் சொல்லும். விருத்தி நடப்பதை நான் மறுக்கவில்லை. அது கயிற்றின் எந்த முனையில் நடக்கிறது என்பதில்தான் எனக்கும் ஊருக்கும் வழக்கு. நாய் ஏறக்குறைய இருந்தபடியே இருக்கிறது. தனி இனமாகத் திரிந்துபோனது குடும்பம்.

ஓர் இனம் உருவாக முதலில் அது மற்றவற்றோடு கலக்காமல் தனித்திருக்க வேண்டும். தீவு, மலை, பாலைவனம் என்று இயற்கை பெரிய ஏற்பாடுகளைச் செய்வதெல்லாம் இதற்காகத்தான். நாய்க்குடும்பத்துக்கு ஒரு தகரப் பலகை போதும். வெளியே 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதியிருக்கும். உள்ளேயிருந்து 'ஒண்ணும் பண்ணாது, வாங்க' என்று குரல் வரும். இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்பது வாசலில் நிற்கிற எவருக்கும் தெரியும். ஒன்றும் செய்யாத நாய் என்றால் அதற்கு எதற்குத் தினம் ஒரு கிலோ கறி? ஏதாவது செய்யும் நாய் என்றால் நம்மை எதற்கு உள்ளே கூப்பிடுகிறார்கள்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த சித்தப்பாக்கள் அடுத்த முறை தொலைபேசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பால்காரர் பாக்கெட்டை மதிலுக்கு மேலே வைத்துவிட்டுப் போகிறார். அஞ்சல்காரர் எட்ட நின்றே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பத்து வருடத்தில் அந்த வீடு கலாபகஸ் தீவாகிவிடுகிறது.

தனித்திருந்தால் மட்டும் போதாது, தேர்வும் வேண்டும். அது கல்யாணத்தில் நடக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் பொருந்தி, நட்சத்திரமும் பொருந்தி, 'பொண்ணுக்கு நாய்னா கொஞ்சம் பயம்' என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முறிவதுண்டு. வம்சாவளிப் பதிவிலும் குறைவில்லை. 1896-இல் தொடங்கப்பட்ட இந்திய கென்னல் கிளப் தரும் சான்றிதழில் நாயின் முன்னோர் பெயர்கள் தலைமுறைவாரியாக அச்சிட்டு வரும். அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பத்தலைவரிடம் அவருடைய பாட்டனாரின் தகப்பனார் பெயரைக் கேட்டுப் பாருங்கள். உள்ளே போய்த் தாயாரைக் கேட்டுவிட்டு வருவார். கடுவன் தந்த வீட்டுக்கு ஈத்தில் ஒரு குட்டி தருவது பழைய வழக்கம். அந்தக் குட்டியை எடுத்துப் போக வருகிறவருக்கு நடக்கும் உபசாரம் சொந்தச் சம்பந்திக்கு நடந்ததாகத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் விஞ்ஞான ஆதாரம் உண்டா என்றால், சைபீரியாவில் உண்டு. திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர் 1959-இல், ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கப்பட்ட நரிகளை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். அவர் பார்த்தது ஒரே ஒரு குணத்தை: கையை நீட்டினால் கடிக்க வருகிறதா, அண்டி வருகிறதா? அண்டி வருவதை மட்டும் குட்டி போட விட்டார். காதையும் வாலையும் நிறத்தையும் அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனாலும் பத்துத் தலைமுறை வாக்கில் மடிந்த காது, சுருண்ட வால், உடம்பில் வெள்ளைத் திட்டு எல்லாம் கேட்காமலே வந்து சேர்ந்தன. நாய்க்குடும்பத்திலும் தேர்வு நடப்பது ஒரே குணத்துக்குத்தான், நாயோடு ஒத்துப்போவது. உபரியாக வந்த குணங்களைப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிது, குரைப்புக்கு மேலே பேசிப் பழகிய குரல். செருப்பு தரையில் இருக்காது, பரணில் இருக்கும். கறுப்புச் சேலை வாங்க மாட்டார்கள், வெள்ளை முடி தெரியும். குடும்பத்தோடு ஒரே நாளில் திருப்பதி போன வரலாறு கிடையாது. கல்யாண வீட்டுக்குப் பாதிப் பேர் முகூர்த்தத்துக்கும் மீதிப் பேர் வரவேற்புக்கும் வந்து போவார்கள். பேத்தி பிறந்த செய்தி கேட்டதும் தாத்தா வாயில் வரும் முதல் கேள்வி, 'கண்ணு தொறந்திருச்சா?'

பெல்யாயெவின் நரிகள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளிலிருந்து வந்த வழி என்றும், அங்கேயே பல தலைமுறை மனிதர் கைப்பட்டவை என்றும், சில குணங்கள் முன்பே இருந்தவைதான் என்றும் 2019-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதேபோல, 'இந்தக் குடும்பம் முதலிலிருந்தே இப்படித்தான், பாவம் நாய் என்ன செய்யும்?' என்று யாரும் கேட்கலாம். நியாயமான ஆட்சேபணை. அதற்காகத்தான் கடவுள் பங்காளிகளைப் படைத்திருக்கிறார். ஒரே பாட்டனார், ஒரே ரத்தம், நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் நாய் இல்லை. அங்கே செருப்பு வாசலில் கிடக்கிறது, திருப்பதிக்கு வேன் பிடித்து ஒன்றாகப் போகிறார்கள், சாதாரணக் குரலில் சண்டை போடுகிறார்கள். இதைவிடச் சுத்தமான ஒப்பீட்டுக் குழு எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது.

இன்னொரு ஆட்சேபணை கனமானது. நாய் மாறவே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? ராஜபாளையம் நாயின் பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் மனிதர்கள் தேர்ந்தெடுத்துத்தானே நிலைத்தன? ஆம். புள்ளியோ பழுப்போ விழுந்த குட்டியைப் பிறந்ததும் ஒதுக்கிவிடும் கொடுமை அந்நாளில் இருந்தது. வெள்ளைதான் விலை போனது. ஆனால் வெள்ளைக்கு ஒரு வட்டி உண்டு. நிறம் தரும் செல்கள் தோலுக்கு மட்டும் தேவைப்படுபவை அல்ல, உட்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறனே அற்றுப்போகும். டால்மேஷன் நாய்களுக்கும் இதே தொல்லைதான். ஆக, காவல் நாய் வேண்டும் என்று கிளம்பியவர்கள், காவலுக்கு மூக்குக்கு அடுத்தபடி எது முக்கியமோ அந்தக் காதை நிறத்துக்காக அடகு வைத்தார்கள். குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். செவிட்டுக் குட்டி தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பிப் பார்த்துவிடும், தேர்வில் முதல் வகுப்பு. பிறகு ஒரு நள்ளிரவில் கேட்டில் சத்தம் கேட்டு எழுந்திருப்பது குடும்பத்தலைவர். அவர் போய் நாயைத் தொட்டு எழுப்புகிறார். நாய் உடனே ஆவேசமாகக் குரைக்கிறது. இந்த வேலைப் பங்கீட்டில் கூர்மையாகிக்கொண்டு வருவது எந்த உயிரினத்தின் செவி? மாற்றம் நாயிடமும் நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பாரத்தைச் சுமக்க ஆளும் வீட்டிலேயே தயாரானது என்பதுதான் என் கட்சி.

'அதெல்லாம் சரி, நாற்பது வருஷமா இந்த வீட்டுப் பக்கம் ஒரு திருடன் வந்திருக்கானா?' என்று கேட்பார்கள். வரவில்லை. சித்தப்பாவும் வரவில்லை. வராதவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. பங்காளி வீட்டுக்கும் அவன் வந்ததாகத் தகவல் இல்லை. குரைப்புக்குப் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவே மாட்டேன், அயல் ஆள் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆனால் குரைக்க எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரம் எதற்கு? மிச்சச் சோற்றுக்கு ஒரு தெருநாய் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகும். உண்மையில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடிப் பிடிக்கும் உடம்பு கொண்டவை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் பன்றிக்கும் முயலுக்கும் பின்னால் பறந்தவை. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குத் தாழ்ப்பாள் போட்டதும், ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்கள் செக்யூரிட்டி உடுப்பு மாட்டுவதுபோல, அவை கேட்டுக்கு வந்தன. வேலைக்கென்றே உண்டாக்கிய நாயின் கதையும் ஒன்றும் மேலாக இல்லை. ஜெர்மனியின் அபோல்டா ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரி வசூலித்துக்கொண்டிருந்த டோபர்மான், பணப்பையோடு தனியே நடக்கும்போது துணைக்கு வேண்டும் என்று ஒரு நாயை உருவாக்கினார் என்பார்கள். அவருக்காவது காரணம் இருந்தது. இன்று அதை வளர்ப்பவர்கள் வரி கட்டுகிறவர்கள்.

கடைசியாக வருமானக் கணக்கு. ஓர் ஈத்தில் எட்டுக் குட்டி, நல்ல விலை, பிறகென்ன என்பார்கள். சினைப்பட்ட அறுபத்து மூன்று நாளும் பெட்டைக்கு முட்டையும் பாலும். சிக்கலானால் நடுராத்திரியில் அறுவை. 1970-களின் கடைசியில் உலகத்தில் கிளம்பிய பார்வோ வைரஸ் ஒரு வாரத்தில் மொத்த ஈத்தையும் வாரிக்கொண்டு போகும் பயம். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து. மிஞ்சுகிற லாபத்தில்தான் அந்தக் கறிச் செலவு. சரி, மிஞ்சியவரை லாபமாகவே இருக்கட்டும். விற்பனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். காசோடு வந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். 'சொந்த வீடா, வாடகையா? காம்பவுண்டு எத்தனை அடி? பகல்ல வீட்ல யாரு? ஃப்ளாட்டுன்னா எழுந்திருங்க. கட்டியே போட்டு வைக்கிற ஆளா நீங்க?' ஒவ்வொரு பதிலுக்கும் குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறது. வந்தவருடைய நடை, குரல், நாய் முகர்ந்தபோது அவர் காலை இழுத்துக்கொண்டாரா இல்லையா, எல்லாம் மதிப்பெண்ணாகின்றன. தேறியவர் கையில்தான் குட்டி கிடைக்கும்; தேறாதவருக்கு ஒரு காபி மட்டும். இத்தனை விசாரணையிலும் குட்டியைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.