செம்பாக்கத் தீவும் ஷேர் ஆட்டோ உலாவும்: ஒரு நுண்ணாய்வு

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில், நாஹா நகரத்துத் தெருக்களில், வெளிநாட்டுப் பயணிகள் தரையை உரசாத குறையாக ஓடும் கோ-கார்ட் வண்டிகளில் உட்கார்ந்து ஊர் பார்க்கிறார்கள். முன்னால் வழிகாட்டியின் வண்டி, பின்னால் வாத்துக்குஞ்சுகள் போல மற்றவை. கையில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேண்டும். இதை உலகமே வியக்கிறது. ஆனால் சென்னையின் தென்புறநகரில், தாம்பரம் கிழக்கில் ஷேர் ஆட்டோ ஏறி, அதற்குக் குறையாத குலுக்கலோடு, வழிகாட்டி ஒருவர் தலைமையில் நாள்தோறும் செம்பாக்கம் பார்க்கும் நம் மக்களைப் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வேடுகூட என் கண்ணில் பட்டதில்லை. தமிழாய்வுலகின் இப்பெருங்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். களைந்தாயிற்று என்று முடிவுரையில் எழுதுவது மரபு. இடம் போதாமல் போகலாம் என்பதால் இங்கேயே எழுதிவிட்டேன்.

முதன்மை ஆதாரம்: வண்டி. துணைமை ஆதாரம்: வண்டியில் இருந்தவர்கள். ஆய்வு அணுகுமுறை: ஏறுதல், உட்காருதல், இறங்குதல். கருதுகோள்: உண்டு.

1. தீவியல்

செம்பாக்கம் தீவா என்று கேட்பவர்கள் முதலில் பள்ளிப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு. செம்பாக்கத்தைச் சுற்றி ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, சேலையூர் ஏரி, சிட்லபாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி, நன்மங்கலம் ஏரி. நடுவில் அதற்கே சொந்தமான ஓர் ஏரி வேறு. சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கத்துக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும். இது ஏட்டில் உள்ள வழி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏட்டைப் படிப்பதில்லை.

மேலும் ஒரு சான்று. மத்திய அரசின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், செம்பாக்கம் வழியாகப் போகும் இதே வேளச்சேரி – தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கிறது. கடலை ஆராய்பவர்கள் கடற்கரையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்காருவானேன்? ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. நான் சிந்திக்கவில்லை.

போலித் தீவு, மெய்த் தீவு என்ற வேறுபாட்டையும் இங்கே சுட்டவேண்டும். சென்னையில் பெயரிலேயே தீவை வைத்திருப்பது தீவுத்திடல். அதைச் சுற்றிக் கார் ஓட்டி வேடிக்கை பார்க்கும் திட்டமும் வந்தது. 3.5 கிலோமீட்டர் தெருப்பாதையில் ஃபார்முலா 4 பந்தயத்தை 2023 டிசம்பரில் நடத்துவதாக இருந்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. தென்புறநகர் எங்கும் வீடு வீடாகத் தீவானது, பந்தயம் தள்ளிப்போனது. அதாவது, மெய்த் தீவுகள் தோன்றியபோது போலித் தீவு ஒத்திவைக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் பந்தயம் நடந்தேறியது. அப்போது எங்கள் பக்கம் தரை காய்ந்திருந்தது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிலவ முடியாது என்பதை ஒரு விதியாகவே கொள்ளலாம்.

இத்தீவின் இறையாண்மை 2021 நவம்பரில் முடிந்தது. செம்பாக்கம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது.

2. தட்பவெப்பம்

ஒக்கினாவா ஏறத்தாழ 26 பாகை வடக்கில் இருக்கிறது, ஆகவே துணை அயனமண்டலம். செம்பாக்கம் ஏறத்தாழ 13. சரிபாதி. அரை டிக்கெட் என்று கொள்க.

3. ஊர்தியின் தொன்மை

கோ-கார்ட்டை 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை வைத்துச் செய்தார். நம் ஷேர் ஆட்டோவின் மூதாதையான ஆப்பே மூன்றுசக்கர வண்டியை இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரிலிருந்து 1948இல் செய்தது. ஆக ஷேர் ஆட்டோ எட்டாண்டு மூத்தது. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எட்டாண்டு மூப்புக்கெல்லாம் நம் ஆய்வுலகில் மதிப்பில்லை. எட்டாயிரம் ஆண்டாவது வேண்டும். லெமூர்க் குரங்குகளின் பரவலை விளக்க 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் கடலுக்குள் மூழ்கிய ஒரு நிலத்தைக் கற்பனை செய்தார். குரங்குகளுக்காக ஒதுக்கிய அந்த இடத்தில் நம் அறிஞர்கள் ஏறி உட்கார்ந்து இன்றுவரை இறங்கவில்லை. அங்கே ஷேர் ஆட்டோ ஓடியதற்குச் சான்று இல்லை. ஓடவில்லை என்பதற்கும் சான்று இல்லை. இவ்வளவு போதும், ஓர் அணிந்துரை வாங்கிவிடலாம்.

4. உலா இலக்கணம்

உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவார்கள். ஒட்டக்கூத்தர் விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்ற மூன்று சோழர்களுக்கும் இப்படி உலா பாடினார். ஷேர் ஆட்டோவில் இது தலைகீழ். ஏழு பருவமும் வண்டிக்குள் எதிரெதிர்ப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும். தலைவன் காமராஜபுரம் ஸ்டாப்பிங்கில், தனக்கு இடம் இருக்கிறதா என்று வண்டிக்குள் எட்டிப் பார்ப்பான். மயக்கம் அவனுக்குத்தான், அதுவும் வெயிலால்.

பேதை டியூஷனுக்குப் போகிறாள். பெதும்பை, மங்கை, மடந்தை மூவரும் செல்போனில். அரிவையின் மடியில் அலுவலகப் பை, தெரிவையின் மடியில் அடுத்தவர் பை. பேரிளம்பெண்ணிடம் மட்டும் செல்போன் கிடையாது. யார் எங்கே இறங்குவார், யார் வீட்டில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்தத் தெருவில் கால்வாய் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். வழிகாட்டி என்ற சொல்லுக்கு உரியவர் டிரைவரா இவரா என்று ஒரு துணையாய்வு தேவை.

5. இருக்கை

வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள்: குட்டிதான் தாயை இறுகப் பிடிக்கவேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைச் சொல்வார்கள்: தாய் கவ்விக்கொள்ளும், குட்டி சும்மா இருந்தால் போதும். ஷேர் ஆட்டோவின் வாசலோரத்தில் உட்கார்ந்தவர் வடகலை. நடுவில் நெருக்குண்டவர் தென்கலை. வேகத்தடையில் இரு சாராரும் ஒரே தெய்வத்தைக் கூப்பிடுவர்.

முன்சீட்டு: டிரைவரின் முழங்கை.

6. ஓராள் கோட்பாடு

இனித்தான் ஆய்வின் இதயம். வண்டி தாம்பரத்தில் நிற்கிறது. “மேடவாக்கம், மேடவாக்கம், வேளச்சேரி! ஒரே ஒரு ஆளு, ஏறுனா எடுத்துருவேன்” என்கிறார் டிரைவர். ஓர் ஆள் ஏறுகிறார். “ஒரே ஒரு ஆளு” என்கிறார் மறுபடியும். “அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க.” இன்னோர் ஆள் ஏறுகிறார். “ஒரே ஒரு ஆளு.” இதைப் பொய் என்பவர் நூல் மரபு அறியாதார். முன்னோர் இதற்கு இலக்கணம் செய்யாமல் போனதால் நானே ஒரு நூற்பா செய்தேன்:

ஓராள் என்பது ஓராள் அன்றே
ஏறிய பின்னும் எஞ்சி நிற்றலின்.

இஃது என் நுதலிற்றோ எனின், ஓராளின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. இதற்கு மூன்று உரை உள. முன்சீட்டு உரைகாரர், ஓராள் என்றது எண்ணன்று, இடம் என்பார். ஒருவர் உட்கார இடம் உள்ளவரை ஓராள் உண்டு என்பது அவர் கருத்து. இடம் தீர்ந்த பிறகும் ஓராள் கேட்கப்படுவதைச் சுட்டி, அது இடமும் அன்று, டிரைவரின் அவா என மறுப்பார் நடுச்சீட்டு உரைகாரர். மறுக்கும்போது அவருக்கு மூச்சு விட இடமில்லாததால் சில சொற்கள் தெளிவில்லை. ஓரச்சீட்டு உரைகாரருக்குப் பாதி உடல் வெளியே இருந்தது. ஆகவே இரு கருத்திலும் பாதியை ஏற்றார்.

இம்மூன்றாவது உரை முழுமையாகக் கிடைக்கவில்லை. செம்பாக்கம் ஏரிப் பக்கத்துப் பள்ளமொன்றில் முறிந்துவிட்டது. இறுதி வரி மட்டும் இரண்டு பாடங்களாகக் கிடைக்கிறது. ஒன்று, “அண்ணே, கொஞ்சம் மெதுவா”. மற்றது, “யோவ், மெதுவாப் போய்யா”. முன்னது மூலபாடம், பின்னது இடைச்செருகல் என்று பதிப்பாசிரியர்கள் தள்ளிவிடுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை, இடையில் இரண்டு பள்ளம் கடந்திருக்கிறது. பள்ளம் தோறும் மரியாதை எவ்வாறு தேய்கிறது என்பதை மொழியியலார் இச்சாலையில் அளந்து பார்க்கலாம்.

கல்வெட்டியலார் கிளப்பும் சிக்கல் வேறு. ஆட்டோ முதுகெழுத்துகளில் பெயர்பெற்றது ‘பிரசவத்திற்கு இலவசம்’. சாதா ஆட்டோவுக்கு உரிய இச்சாசனம் ஷேர் ஆட்டோவுக்கும் செல்லுமா? செல்லும் என்று கொண்டால், தாய்க்கு மட்டும் இலவசமா, உடன் வரும் மாமியாருக்குமா? இன்னொன்று. வண்டி நிற்கும்போதே குழந்தை பிறந்துவிட்டால் அதை அந்த ஓராளாகக் கணக்கிட்டு வண்டியை உடனே எடுப்பார்களா? எடுக்கமாட்டார்கள் என்பதே என் துணிபு. “ஒரே ஒரு ஆளு” என்றுதான் சொல்வார்கள். குழந்தையின் காதில் விழும் முதல் வாக்கியமும் அதுவே ஆகும்.

சட்டநூலாரையும் கேட்டாகவேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் வண்டி வேறு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளேற்றும் வண்டி வேறு எனப் பிரிக்கிறது. ஷேர் ஆட்டோ இவ்விரண்டில் எது என்பது போக்குவரத்துக் காவலர் நிற்குமிடத்தைப் பொறுத்தது.

இக்கோட்பாட்டைப் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்றில் படிக்க ஆசைதான். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவையும் இதே கோட்பாட்டில்தான் ஓடுகின்றன. இன்னும் ஒரே ஒரு கட்டுரை வந்தால் தொகுதி அச்சுக்குப் போய்விடும் என்பார்கள். பணம் கட்டியவர் எல்லாரையும் ஏற்றுவார்கள். ஐ.எஸ்.பி.என். எண் இருக்கும். ‘சங்க இலக்கியத்தில் பறவைகள்’ மேல் ‘சங்க இலக்கியத்தில் விலங்குகள்’ சாய்ந்திருக்கும். நான்கு நிமிடத்தில் இறங்கச் சொல்வார்கள். வேறுபாடு ஒன்றே: ஷேர் ஆட்டோ ஆளை ஏதாவதோர் இடத்தில் கொண்டு சேர்க்கும்.

7. காட்சிகள்

ஒக்கினாவாவில் கார்ட்டில் போகிறவர் தலைக்கு மேல் வானம் இருக்கிறது. செம்பாக்க உலாவில் தலைக்கு மேல் ரெக்ஸின். பக்கவாட்டில் கிடைப்பது இடுப்புக்குக் கீழான உலகம். 1937இல் தாம்பரத்துக்கு வந்த கிறித்தவக் கல்லூரியின் புகழ்பெற்ற மரங்கள் தெரியாது, மதில் தெரியும். சேலையூரில் கால்கள். கேம்ப் ரோட்டில் அதிகக் கால்கள். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி, பார்த்தே தீரவேண்டியது, வண்டி அந்தப் பக்கம் திரும்பாது. ராஜகீழ்ப்பாக்கம் முதல் கடைப் பலகைகளின் அடிப்பாதி மட்டும் வாசிக்கக் கிடைக்கிறது. கடையின் பெயர் தெரியாது, என்ன விற்கிறார்கள் என்பதும் தெரியாது. ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை’ என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தனிமை ஏதோ செய்கிறது.

செம்பாக்கம் ஏரி ஒரு வினாடி தெரிந்தது. அதாவது, எதிரில் இருந்த அம்மா தும்மக் குனிந்தபோது.

8. கட்டணம்

சில்லறையாகத் தரவேண்டும்.

9. ஆய்வெல்லை

தாம்பரம் முதல் வேளச்சேரி வரை என்றுதான் வகுத்திருந்தேன், வண்டியும் அப்படிக் கூவித்தான் ஏற்றியது. 2022இல் திறந்த மேடவாக்கம் மேம்பாலத்தின் தூண்கள் தெரியத் தொடங்கியதும் டிரைவர் ஓரங்கட்டினார். “சார், எறங்கிக்கோங்க. வண்டி இத்தோட ரிட்டர்ன்.” வேளச்சேரி என்றீர்களே என்றேன். “பின்னாடி வர்ற வண்டில ஏறிக்கோங்க சார், காலியாத்தான் வருது.” ஆகவே ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதற்கப்பால் வேளச்சேரியையும் வருங்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவைக்கிறேன். பின்னாடி வந்த வண்டியை நானும் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டுமாம்.